ஒரு சம்பவத்துக்கு ஒரே தேதி கிடையாது: வழக்குக்குப் போகும் முன் போட வேண்டிய பட்டியல்

தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் வக்கீல் ஆபீஸ் தேடி மாடிப்படி ஏறுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் நடந்ததைத்தான் முதலில் சொல்வார்கள். "போன வாரம் வாசல்ல வந்து கத்திட்டுப் போனான் சார்" என்று ஆரம்பிக்கும். அப்புறம் பணம் கொடுத்த கதை வரும். நடுவில் மகள் கல்யாணம், மச்சான் செய்த துரோகம், ஸ்டேஷனில் அலைக்கழித்தது எல்லாம் வந்து சேரும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. எது அதிகம் வலிக்கிறதோ அதுதான் முதலில் வாயில் வரும். ஆனால் எதிரே இருக்கும் வக்கீல் அத்தனையையும் கேட்டுக்கொண்டே மனதுக்குள் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருப்பார்: இது எப்போது நடந்தது?

ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் பக்கத்துத் தகராறுகளில் பல, வாய்ப்பேச்சில் ஆரம்பித்தவை. கைமாத்து, புரோநோட்டு, லீஸுக்குக் கொடுத்த பணம், அண்ணன் தம்பி பாகம், படகில் பங்கு. எழுத்தில் இருப்பது கொஞ்சம், நம்பிக்கையில் விட்டது அதிகம். எழுத்து குறைவாக இருக்கும் இடத்தில் தேதி சரியாக இருந்தால் அது பெரிய பலம். தேதி குழம்பினால் உள்ள எழுத்தும் பலவீனப்பட்டுப் போகும்.

சிவில் கோர்ட்டில் தாக்கல் செய்த ஏதாவது ஒரு பிராதை, அதாவது வழக்குப் போடுகிறவரின் மனுவை, எடுத்துப் பாருங்கள். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் வழக்கு மூலம், அதாவது வழக்குப் போடக் காரணமானவை, பற்றி ஒரு பத்தி இருக்கும். இன்ன தேதியில் பிரதிவாதி கடன் வாங்கியபோதும், இன்ன தேதியில் ஒரு பகுதி திருப்பிக் கொடுத்தபோதும், இன்ன தேதியில் நோட்டீஸ் அனுப்பியபோதும் வழக்கு மூலம் எழுந்தது என்று அந்தப் பத்தி முழுக்கத் தேதியாகவே போகும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7, விதி 1 கேட்பது இதைத்தான்: வழக்குக்குக் காரணமான சங்கதிகள் என்ன, அவை எப்போது எழுந்தன. கட்டளை 6, விதி 2 இன்னும் ஒரு படி மேலே போய், தேதியையும் தொகையையும் எண்ணிலும் எழுத்திலும் எழுதச் சொல்கிறது. உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் சிறப்பு அனுமதி மனுக்களில் முகப்பிலேயே தேதிப் பட்டியல் வைக்க வேண்டும். நீதிபதி முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிடக் கூடாது. காரணம் 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். அதன் 3-வது பிரிவின்படி, காலம் கடந்து வந்த வழக்கை, எதிர்த்தரப்பு வாயே திறக்காவிட்டாலும் கோர்ட் தள்ளுபடி செய்தாக வேண்டும். கடனுக்குப் பொதுவாக 3 வருடம். தன் சொத்து என்ற உரிமையில் அதன் சுவாதீனத்தை, அதாவது அனுபவத்தில் வைத்திருப்பதை, கேட்க 12 வருடம். நுகர்வோர் புகாருக்கு, 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, 2 வருடம். 3 வருடம் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த நாளிலிருந்து 3 வருடம் என்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

ஒரு சம்பவத்துக்கு ஒரே தேதி என்று நாம் நினைக்கிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒரு பத்திரத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்ட நாள் ஒன்று, சார்பதிவாளர் ஆபீஸில் தாக்கல் செய்த நாள் ஒன்று, பதிவான நாள் ஒன்று. வில்லங்கச் சான்றை உற்றுப் பார்த்தால் இந்த மூன்றும் அதில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கும். அந்தக் கட்டத்தில் எந்தத் தேதி எது என்று பார்க்காமல், கண்ணில் பட்டதை எழுதி எடுத்து வருகிறவர்கள் நிறைய. 1908-ம் ஆண்டின் பதிவுச் சட்டம் 23-வது பிரிவில், எழுதிய பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுக்க 4 மாதம் தருகிறது. 47-வது பிரிவில், பதிவான பத்திரம் எழுதிக் கொடுத்த நேரத்திலிருந்தே செல்லும் என்கிறது. ஆக, ஒரே வீட்டை ஒருவர் ஜனவரி 3 அன்று ஒருவருக்கும் ஜனவரி 10 அன்று இன்னொருவருக்கும் கிரயம் எழுதிக் கொடுத்து, இரண்டாமவர் மறுநாளே பதிந்து, முதலாமவர் பிப்ரவரியில் பதிந்தாலும், பொதுவாக முந்தி எழுதிய பத்திரத்துக்குத்தான் முன்னுரிமை. பதிவான நாளை மட்டும் குறித்துக்கொண்டு வந்தவர் தன் வழக்கைத் தானே தலைகீழாகப் பார்த்துவிடுவார்.

செக் ரிட்டர்ன் ஆன விவகாரத்தில் இந்தத் தேதிகள் இன்னும் நெருக்கமாக நிற்கும். செக்கில் போட்ட தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் பாங்கில் போட வேண்டும். திரும்பிவிட்டது என்று பாங்கு தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது எதிராளி கையில் கிடைத்த நாளிலிருந்து, பணம் கட்ட அவருக்கு 15 நாள். அது கடந்த பிறகுதான் புகாருக்கு வழி பிறக்கிறது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் கொடுக்க வேண்டும். 15 நாள் முடியும் முன்பே அவசரப்பட்டுப் போட்ட புகார் செல்லாது. புகார் கொடுக்கத் தாமதமானால் தகுந்த காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் 30 நாள் தாண்டினால் அந்த வழி கிடையாது. அதனால் செக்கைப் பத்திரமாக வைத்திருப்பவர் பாங்கு கொடுத்த ரிட்டர்ன் மெமோவையும், அது கைக்கு வந்த நாளையும், நோட்டீஸ் சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டையையும் அதே அக்கறையோடு வைத்திருக்க வேண்டும். அனுப்பிய ரசீது மட்டும் இருந்து சேர்ந்த நாள் தெரியாவிட்டால், தபால் துறை இணையதளத்தில் அந்த எண்ணைத் தட்டி, காட்டும் பக்கத்தை உடனே அச்செடுத்துக்கொள்வது நல்லது. மாதக்கணக்கில் கழித்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம்.

இப்போது புரோநோட்டுக்கு வருவோம், வடசென்னையில் அதிகம் புழங்குவது அதுதானே. "கேட்கும்போது தருகிறேன்" என்று எழுதிய நோட்டுக்கு, அவர் தர மறுத்த நாளிலிருந்து 3 வருடம் ஓடும் என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. காலவரையறைச் சட்டத்தின் அட்டவணைப்படி, நோட்டு எழுதிய நாளிலிருந்தே காலம் ஓட ஆரம்பித்துவிடுகிறது. நல்ல முகத்தோடு "அடுத்த மாசம் தரேன்" என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருடத்தை ஓட்டிவிடுகிற ஆட்கள் இந்த விதியை நன்றாகத் தெரிந்தவர்கள்.

உதாரணத்துக்குக் காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு அம்மாவை வைத்துக்கொள்வோம். அவர் இப்படிச் சொல்கிறார்:

"எலெக்‌ஷனுக்குப் பத்து நாள் முன்னாடி சார். தடைக்காலம் வரப்போகுது, போட்டை மேல ஏத்தி வேலை பாக்கணும், என்ஜின் போயிடுச்சுன்னு அண்ணன் வந்து கேட்டாரு. மூணு லட்சம் குடுத்தேன், நோட்டு எழுதிக் குடுத்தாரு. லாக்டவுன்ல போய்க் கேக்க முடியல. விம்கோ நகருக்கு மெட்ரோ விட்டாங்களே, அந்த வாரம் இருபதாயிரம் குடுத்து நோட்டுக்குப் பின்னாடி எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. அப்புறம் புயல் வந்துச்சு. அதுலேர்ந்து போனே எடுக்கறதில்ல."

இதில் ஒரு தேதிகூட இல்லை என்று தோன்றும். உண்மையில் எல்லாத் தேதியும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். லாக்டவுனுக்கு முந்தைய நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாடு வாக்களித்தது 2019 ஏப்ரல் 18. அப்படியானால் பணம் கைமாறியது ஏப்ரல் 8-ஐ ஒட்டி. நோட்டைத் திருப்பிப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். மெட்ரோ விம்கோ நகர் வரை ஓட ஆரம்பித்தது 2021 பிப்ரவரி 14. அந்த வாரத்து வரவு நோட்டின் பின்பக்கத்தில் இருக்கும். புயல் என்றால் மிக்ஜாம், 2023 டிசம்பர் 4. மக்கள் நாட்காட்டியை நினைவில் வைப்பதில்லை, ஊருக்கு நடந்ததை நினைவில் வைக்கிறார்கள். சுனாமி 2004 டிசம்பர் 26. நோட்டு செல்லாது என்று அறிவித்தது 2016 நவம்பர் 8. ஜெயலலிதா காலமானது அதே வருடம் டிசம்பர் 5, வர்தா புயல் அதற்கு ஒரு வாரம் கழித்து 12-ம் தேதி. வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ வந்தது 2019 பிப்ரவரி 10. கலைஞர் மறைந்தது 2018 ஆகஸ்ட் 7. இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு "அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று பொறுமையாகக் கேட்டால், படிக்காதவர்கள் என்று நாம் நினைப்பவர்களிடமிருந்தும் தெளிவான வரிசை வரும். தமிழ் மாதத்தில் சொன்னால் அதையும் அப்படியே குறித்துக்கொண்டு பக்கத்தில் ஆங்கிலத் தேதியைப் போடலாம். ஆவணத்தில் எந்த நாட்காட்டி இருந்தாலும் காலவரையறைக்கு ஆங்கில நாட்காட்டிதான் கணக்கு என்று அதே சட்டத்தின் 24-வது பிரிவு சொல்கிறது.

அந்த அம்மாவின் கதையைப் பட்டியலாக்கினால் இப்படி வரும்:

8.4.2019: ரூ. 3,00,000 கடன் கொடுத்தது. புரோநோட்டு எழுதி வாங்கியது. ஆதாரம்: அசல் நோட்டு, அன்று பணம் எடுத்த பாஸ்புக் பக்கம்.

2021 பிப்ரவரி, 14-ஐ ஒட்டிய வாரம், சரியான நாள் நோட்டைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்: ரூ. 20,000 திரும்ப வந்தது. ஆதாரம்: நோட்டின் பின்பக்க வரவும் கையெழுத்தும்.

4.12.2023-க்குப் பிறகு: போனுக்குப் பதில் இல்லை. ஆதாரம்: அழைப்புப் பதிவு, கிடைக்கும் வரை.

மூன்றே வரிதான். ஆனால் இதில் ஒரு வரி மட்டும் வழக்கின் ஆயுளையே மாற்றுகிறது. எப்படி என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம். நோட்டு தேதியிலிருந்து 3 வருடம் என்றால் 2022 ஏப்ரல் 8-ல் முடிய வேண்டும். ஆனால் கொரோனா காரணமாக 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான காலத்தைக் காலவரையறைக் கணக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் கழித்துவிட்டது. 2020 மார்ச் 15 அன்று மிச்சம் இருந்த இரண்டு வருடம் சொச்சம், 2022 மார்ச் 1 முதல் கிடைக்கிறது. கணக்குப் போட்டால் 2024 மார்ச் நான்காம் வாரம் வரை வருகிறது. பின்பக்க வரவைச் சேர்த்தால் நிலைமை வேறு. காலம் முடியும் முன் ஒரு பகுதி பணம் கொடுத்து, கொடுத்தவரே தன் கையால் எழுதியோ கையெழுத்திட்டோ இருந்தால், 19-வது பிரிவின்படி அந்த நாளிலிருந்து புதிதாக 3 வருடம். அந்த நாளே கழிக்கப்பட்ட காலத்துக்குள் விழுவதால், 2025 பிப்ரவரி கடைசி வரை நேரம் இருந்தது என்று வாதிட இடம் கிடைக்கிறது. கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம். அந்த வரவைக் கடன் வாங்கியவர் எழுதாமல், கடன் கொடுத்த அம்மாவே "20,000 வரவு" என்று எழுதி வைத்திருந்தால் இந்தப் பலன் கிடைக்காது. அதனால் பட்டியலில் "பணம் வந்தது" என்பதோடு நிறுத்தக் கூடாது. யார் எழுதியது, யார் கையெழுத்து என்பதும் தேதிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

தோராயமான தேதியைத் தோராயம் என்றே எழுதுவதும் முக்கியம். தெரியாத நாளை உறுதியாகச் சொல்லிவிட்டுக் குறுக்கு விசாரணையில் மாட்டிக்கொள்கிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் அன்று அவர்கள் ஊரிலேயே இல்லை என்று எதிர்த்தரப்பு ரயில் டிக்கெட்டைக் காட்டும். போலீசுக்குக் கொடுத்த புகாரில் ஒரு தேதி, வக்கீல் நோட்டீசில் ஒரு தேதி, பிராதில் வேறொரு தேதி என்று இருந்தால் மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துத்தான் கேள்வி வரும். ஸ்டேஷனில் புகார் கொடுத்தபோது கிடைத்த சிஎஸ்ஆர் ரசீதையும் புகார் நகலையும் பட்டியல் போடும்போதே எடுத்து ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். விளக்கம் இருக்கும் வித்தியாசத்தைச் சமாளிக்கலாம். மறைத்தது பின்னால் வெளியே வந்தால் மற்றதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இதே காரணத்துக்காகத்தான், நமக்குப் பாதகமான தேதிகளும் பட்டியலில் இருந்தாக வேண்டும் என்று சொல்கிறேன். வாடகை பாக்கி வைத்த மாதம், அவர் அனுப்பிய நோட்டீசுக்குப் பதில் போடாமல் விட்டது, கோபத்தில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. எதிர்த்தரப்பிடமும் ஒரு பட்டியல் இருக்கும், அதில் இவை கட்டாயம் இருக்கும். சும்மா இருந்த காலத்தையும் அப்படியே எழுத வேண்டும். ஏப்ரலில் ஒரு சம்பவம், அடுத்தது டிசம்பரில் என்றால், நடுவில் எட்டு மாதம் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும். ஆஸ்பத்திரியில் இருந்திருக்கலாம், பஞ்சாயத்து பேசியிருக்கலாம், கடலுக்குப் போகாமல் கையில் காசில்லாமல் இருந்திருக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியோ, பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர் பெயரோ அந்த இடைவெளியில் நிற்க வேண்டும்.

எழுதும் விதத்தைப் பற்றி ஒன்று. "ஏமாற்றினார்", "மிரட்டினார்", "அபகரித்தார்" என்று எழுதுவதை விட்டுவிட்டு, அவர் என்ன செய்தார், என்ன சொன்னார் என்பதை மட்டும் எழுதுங்கள். "பூட்டை மாற்றினார், எங்கள் பொருட்கள் உள்ளே இருந்தன, பக்கத்துப் போர்ஷன்காரர் பார்த்தார்" என்ற வரி, "அராஜகமாக வெளியேற்றினார்" என்பதைவிடப் பல மடங்கு கனமானது. ஒரு வரியில் ஒரு சம்பவம் போதும். அதற்குப் பக்கத்தில் ஆதாரம், அதற்குப் பக்கத்தில் பார்த்தவர். யார் மூலமாகக் கேள்விப்பட்டது என்றால் அதையும் சேர்க்க வேண்டும், கேள்விப்பட்ட நாளும் நடந்த நாளும் தனித்தனியாக. அண்ணன் சொத்தை விற்றது ஒரு நாள், தங்கைக்கு அது தெரியவந்தது வேறு நாள். சில வழக்குகளில் தெரியவந்த நாளிலிருந்துதான் காலம் ஓடும். அப்போது எப்படித் தெரிந்தது என்பதையும் நிரூபிக்க வேண்டும். வில்லங்கச் சான்று வாங்கிப் பார்த்துத் தெரிந்தது என்றால், அந்தச் சான்று வழங்கிய தேதியே ஆதாரம்.

போனில் இருப்பதைக் காப்பாற்றுவதில் மக்கள் அலட்சியமாக இருப்பதைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாக இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை இன்னொருவருக்கு அனுப்பி, அங்கிருந்து பிரிண்ட் போட்டால், படம் எடுத்த நேரம் பற்றிய தகவல் அதோடு வராது. படம் எடுத்த போனில் இருக்கும் அசல் கோப்பில்தான் அந்தத் தகவல் இருக்கும். அதை அழிக்காமல், முடிந்தால் அந்தப் போனையே மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்‌ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவு, இப்படிப்பட்ட மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்கிறது. ஒரு பகுதியை ஆதாரம் கொடுப்பவரும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹேஷ் மதிப்பும், அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாளக் குறியீடும், அதில் வர வேண்டும். எந்தப் போன், யாருடையது, எப்போது பதிவானது என்பது தேதிப் பட்டியலில் ஏற்கெனவே இருந்தால் அந்தச் சான்றிதழைத் தயாரிப்பது சுலபம்.

தனி ஆளுக்கு இவ்வளவு என்றால் ஊரே சேர்ந்து போடும் வழக்கில் இன்னும் அதிகம். எண்ணூர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2017 ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோது, எண்ணெய்க் கசிவு இல்லை என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. கரையில் எண்ணெய் ஒதுங்கிய பிறகு பேச்சு மாறியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் பரவியபோது, பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரித்தது. அந்த டிசம்பர் முடியும் முன்பே, 26-ம் தேதி நள்ளிரவை ஒட்டி, பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்து மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். இப்படி அடுத்தடுத்து நடக்கும் இடத்தில், எந்த வலை எந்தக் கசிவில் பாழானது, எந்த மூச்சுத்திணறல் எந்த இரவில் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால், ஒவ்வொரு தரப்பும் அடுத்த தரப்பைக் கைகாட்டிவிடும். தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 14-வது பிரிவில், வழக்கு மூலம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதம், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள். 15-வது பிரிவில் இழப்பீட்டுக்கு 5 வருடம், அதற்கும் அதே 60 நாள். முதன்முதலில் என்ற சொல் அங்கே வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பல வருடமாகச் சாம்பல் கலக்கும் ஆற்றைப் பற்றி மனு போடுகிறவர், நேற்று நடந்த புதிய சம்பவத்தையும் பழைய பாதிப்பையும் தனித்தனித் தேதியோடு காட்டாவிட்டால் காலம் கடந்துவிட்டது என்ற வாதம் உடனே எழும். படகு வாரியாக, வீடு வாரியாக, முதலில் பார்த்த நாள், அதிகாரியிடம் சொன்ன நாள், கணக்கெடுக்க வந்த நாள் என்று எழுதி வைக்க ஊரில் ஒரு நோட்டுப் புத்தகமும் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையும் இருந்தால் போதும்.

பட்டியல் போட வக்கீல் தேவையில்லை. போட்ட பிறகு காட்ட வக்கீல் தேவை, அதுவும் சீக்கிரமாக. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். போகும்போது நகல்களைக் கொடுங்கள். அசலைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு ரசீது வாங்கிக்கொண்டு, கொடுத்த நாளையும் பட்டியலின் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வழக்குப் போடுகிறவர்களுக்கு மட்டும் இது என்று எண்ண வேண்டாம். சம்மன் வாங்கியவருக்கும் அதே நாளிலிருந்து காலம் ஓடுகிறது. எதிர்வாதவுரை தாக்கல் செய்ய 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. ஆஜராகாமல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகிவிட்டால், அதை நீக்கக் கேட்க 30 நாள். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் அந்த 30 நாள் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து. வீடு மாறியதால் சம்மன் பழைய விலாசத்துக்குப் போயிருந்தால், புது வாடகை ஒப்பந்தத்தின் தேதி, கேஸ் இணைப்பை மாற்றிய தேதி, பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்த்த தேதி, கோர்ட் ஊழியரான அமீனா வந்து கதவைத் தட்டியபோதுதான் விஷயமே தெரிந்தது என்றால் அந்தத் தேதி, நான்கையும் அன்று இரவே எழுதி வையுங்கள்.